யார்டு குறைவு, புள்ளி அதிகம்: டிஃபென்ஸ் மோசமா?

நண்பரே, அமெரிக்கக் கால்பந்தில் உங்கள் அணியின் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் வீரர்கள்) குறைந்த யார்டு, அதாவது எதிரணி முன்னேறிய தூரம், விட்டுக்கொடுத்ததில் முன்வரிசை, விட்டுக்கொடுத்த புள்ளியில் நடுவரிசை, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் புள்ளிகள் யார் கணக்கு என்று பாருங்கள். 2010இல் சான் டியேகோ சார்ஜர்ஸ், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலேயே மிகக் குறைந்த யார்டு கொடுத்த அணி. ஆனாலும் 9 வெற்றி, 7 தோல்வி, பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்று கிடையாது. அந்த செப்டம்பரில் சியாட்டிலிடம் 27-20 என்று தோற்றார்கள். அதில் சியாட்டில் வீரர் லியான் வாஷிங்டன், சார்ஜர்ஸ் உதைத்து அனுப்பிய கிக்ஆஃப் பந்தைப் பிடித்து இரண்டு முறை மறுகோடி வரை ஓடி டச்டவுன் போட்டார்: 101 யார்டு, 99 யார்டு. டிஃபென்ஸ் அப்போது களத்திலேயே இல்லை, பாவம். பழி மட்டும் அவர்கள் தலையில்.

மறுபக்கம் 2011இன் கிரீன் பே அணி. யார்டில் கடைசி இடம், ஆனால் 31 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தை நடுவில் பிடித்துப் பறிப்பது), 15 வெற்றி, 1 தோல்வி. அவர்கள் முன்னிலையில் இருந்ததால் எதிரணி எட்டிப்பிடிக்கப் பந்தை எறிந்துகொண்டே இருந்தது. யார்டு ஏறாமல் என்ன செய்யும்?

நான் பார்ப்பது ஒரு டிரைவுக்கு (எதிரணி பந்தோடு முன்னேறும் ஒரு முயற்சிக்கு) எத்தனை புள்ளி என்பதை, வாஷிங்டன் போட்டது போன்ற ரிட்டர்ன் டச்டவுன்களைக் கழித்துவிட்டு. அப்புறம், எதிரணி எங்கே தொடங்கியது என்பதை. உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய வீரர்) சொந்த 20 யார்டு கோட்டில் பந்தைப் பறிகொடுத்தால், டிஃபென்ஸ் ஒரு யார்டுகூட விடாமலே, எதிரணி அங்கிருந்தே பந்தைக் கோலுக்கு உதைத்து 3 புள்ளி போய்விடும்.