மேல் தட்டு எலிக்கு மட்டும் வெளிச்சம் ஜாஸ்தியா?

ஆய்வகத்துல எலி வளக்குற ரூமுக்கு சொல்ற 325 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) தரையிலேந்து 1 மீட்டர் உயரத்துல அளக்குற கணக்கு, கூண்டு அடுக்குற ரேக்கோட மேல் தட்டுக்கு அத வெச்சு முடிவு பண்ண முடியாது. ரூம் நடுவுல 310 காட்டியும் மேல் தட்டு வெள்ளை எலிங்க மட்டும் மூலையில ஒண்டுதுன்னு கேட்டீங்கல்ல, அனேகமா அந்தத் தட்டு டியூப்லைட்டுக்கு ரொம்ப கிட்ட இருக்கும். வெள்ளை எலி கண்ணுல நிறமி கிடையாது, நமக்கு சாதாரணமா தெரியுற வெளிச்சமே நாள்கணக்குல பட்டா விழித்திரை கெட்டுடும், கெட்டது திரும்பாது.

காலி கூண்டு ஒண்ணுல மரத்தூள், தீனி, தண்ணி பாட்டில் எல்லாம் வெச்சு மூடி, அதே இடத்துல வெச்சு, மீட்டர் சென்சார உள்ள மேல பாத்தாப்புல வெச்சு அளங்க, அப்புறம் கீழ் தட்டுலயும். மொபைல் ஆப்ப நம்பாதீங்க. வித்தியாசம் பெருசா இருந்தா மேல் தட்ட காலியா விடுங்க, இல்ல மேல ஒரு பலகை போட்டு மறைங்க.

நம்ம கடலூர் பக்கம் கரண்ட் போயிட்டு வந்தா லைட்ட போட்டு அணைக்கிற, பேட்டரி இல்லாத டைமர் பின்தங்கிடும், 12 மணி நேர பகல் ராத்திரி கணக்கே நகர்ந்துடும், ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. அதையும் பாருங்க.

ஆனா சோதனை நடுவுல இருந்தா ஆராய்ச்சி கைடையும் கால்நடை டாக்டரையும் கேட்டுட்டு மாத்துங்க, வெளிச்சம் மாறினா ரிசல்ட்டும் மாறலாம், மாத்தின தேதிய நோட்டுல எழுதிடுங்க.