வலது ஆள்காட்டி விரல் வீக்கம்: தைலம் தடவிக்கொண்டு வாசிக்காதீர்கள்

பல வருஷம் கழித்து மிருதங்கத்தை மறுபடி எடுத்து, தினமும் 2 மணி நேரம் சாதகம் (பயிற்சி) செய்வதாகவும், வலது ஆள்காட்டி விரலின் அடி மூட்டு வீங்கியிருப்பதாகவும், தைலம் தடவிச் சமாளிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தைலம் வலியைத்தான் மறைக்கும், அடி அதே மூட்டில்தான் விழுகிறது. வீக்கம் வடியும் வரை கருவியைத் தொடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள்.

காலையில் விரல்கள் மடங்காமல் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தாலோ, மற்ற மூட்டுகளும் வீங்கினாலோ, வாசிப்பு மட்டுமே காரணமாக இருக்காது. மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்புறம், உங்கள் 'நம்' சொல்லை, அதாவது வலது பக்கத்தில் 'நம்' என்று ஒலிக்க வாசிக்கும் அடியைக் கவனியுங்கள். மோதிர விரல் கரணை (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) ஓரத்தை லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் (விளிம்பிலுள்ள தோல் வளையம்) விழுந்ததும் எழும்ப வேண்டும். இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களுக்கு விரல் அங்கேயே அழுந்தி நின்றுவிடும். சத்தம் வரவில்லையே என்று இன்னும் ஓங்கி அடிப்பார்கள். நாதம் பலத்தில் வருவதில்லை, விரல் விலகுவதில் வருகிறது. தோளைத் தூக்கி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

சாதகத்துக்குக் கச்சேரி சுருதி எதற்கு? அரைக்கட்டை (சுருதியில் அரைப் படி) இறக்கி வைத்தால் வலந்தலை (வலது பக்கத் தோல் முகம்) கல் மாதிரி இருக்காது.

ஓய்வு நாட்களில் இடது கையால் தாளம் போட்டுச் சொற்கட்டை (வாசிக்கும் அடிகளின் சொற்கோவை) வாயால் சொல்லுங்கள். திரும்பத் தொடங்கும்போது விளம்ப காலத்தில் (மெதுவான வேகத்தில்) 10 நிமிடம் போதும். மறுநாள் வீக்கம் இல்லையென்றால் மட்டும் கூட்டுங்கள்.