அவனுக்குத்தான் முதலில் தெரியும்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, இரத்தப் புற்றுநோய். இரண்டரை வருஷம் மருந்து ஏற்றிக் குணமாகிவிட்டது என்றார்கள், இப்போது திரும்பி வந்துவிட்டது. மறுபடி கீமோவா, கடன் வாங்கி வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்றுவதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்று எங்களை முடிவு செய்யச் சொல்கிறார்கள். வீட்டுக்காரரால் கடையை விட்டுவிட்டு ரங்கூனுக்கு வர முடியவில்லை. டாக்டர் பேசும் பர்மியம் எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும், மகன்தான் தமிழில் சொல்வான். அவனுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், பெகு

பதில்: தங்கச்சி, கடைசியில் எழுதிய இரண்டு வரியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். மகன்தான் தமிழில் சொல்வானாம், ஆனால் அவனுக்கு எதுவும் தெரியாதாம். நோய் திரும்பிவிட்டது என்று உங்களுக்கு முன்னால் கேட்டவனே அவன்தான், கேட்டதை விழுங்கிக்கொண்டு அம்மா தாங்குகிற அளவுக்குக் குறைத்துச் சொன்னவனும் அவன்தான். இது பிள்ளை செய்கிற வேலையா? உங்கள் மேல் எனக்குப் பாதிக் கோபம், உங்கள் வீட்டுக்காரர் மேல் முழுக் கோபம். கடையை ஒரு நாள் பூட்டலாம். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் மகனை நிற்க வைக்கக் கூடாது.

அவன் எதையெல்லாம் சொல்லாமல் விட்டான் என்று தெரியாமல் நீங்கள் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதனால் அடுத்த முறை வீட்டுக்காரரும், பர்மியம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரும் உங்களோடு உள்ளே வரட்டும், பையன் வெளியே இருக்கட்டும். நோய் எப்போது திரும்பியது என்று முதலில் கேளுங்கள். மருந்தெல்லாம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வந்ததென்றால் மறுபடி கீமோவுக்கே கட்டுப்பட வாய்ப்பு கூடுதல், மருந்து நடக்கும்போதோ முடிந்த கையோடோ வந்ததென்றால் கீமோ மட்டும் பெரும்பாலும் போதாது. மஜ்ஜையில் மட்டும்தானா, தண்டுவட நீரிலும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வேலூர் என்றாலும் நாளைக்கே டிக்கெட் போட முடியாது. மஜ்ஜை மாற்றுவதற்கு முன் நோய் கீமோவில் அடங்கியிருக்க வேண்டும். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருடைய மஜ்ஜையும் அவனுக்கு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், பொருந்துகிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள், கடன் அப்புறம். அப்புறம், வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைக்காதீர்கள். வலிக்கு மார்ஃபின், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவது எல்லாம் அதிலும் உண்டு, பெகுவில் யார் பார்ப்பார்கள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு நீங்கள் இருவரும் எடுக்க வேண்டியது, அவன் தலையில் போடாதீர்கள். ஆனால் அவனுக்குத் தெரியாதது போல் இனி நடிக்கவும் வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லாமல் விட்டது என்னப்பா?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.