கிருமி நம்ம உடம்புல எப்படி ஒட்டுது, எப்படி உள்ள ஏறுது: கேட்டதும் சொன்னதும்

நான் டாக்டர் இல்ல, மார்த்தாண்டம் பக்கம் லேப்ல கல்ச்சர், அதாவது கிருமிய வளத்து என்ன கிருமின்னு பாக்குற ஆளு. மழை தொடங்குனதுல இருந்து நெறைய பேரு கேக்குறீங்க, தெரிஞ்சத சொல்லுதேன். ஒண்ணு மட்டும் மொதல்லயே மனசுல வைங்க, கிருமிக்கு முக்காவாசி வேலை ஒட்டிப் பிடிக்கிறதுதான், பிடி கிடைக்கலன்னா நம்ம உடம்பே அடிச்சுக் கொண்டு போயிரும்.

கருங்கல், ஒரு அக்கா: அண்டி ஆபீஸ்ல, முந்திரிப் பருப்பு உடைக்கிற எடத்துல வேலை. ஒண்ணுக்குப் போனா கடுப்பு, மாத்திரை தின்னா சரியாவுது, ஒரு மாசத்துல திரும்ப வருது. ஏன்?

அக்கா, பெரும்பாலும் இது ஈ.கோலை. குடல்ல சும்மா கெடக்கும், மூத்திரப்பைக்கு ஏறுனாதான் தொந்தரவு. அதுக்கு மேல முடி மாதிரி பைலைன்னு இருக்கு, அதோட நுனியில ஃபிம்ஹெச்னு ஒரு புரோட்டீன், அது நம்ம மூத்திரப்பை செல்லு மேல இருக்குற மேனோஸ்ங்குற சர்க்கரைய கவ்விப் பிடிக்கும். மூத்திரம் போற வேகத்துல அடிச்சுட்டுப் போவும்னுதான நெனப்போம், ஆனா இழுக்க இழுக்க அந்தப் பிடி இன்னும் இறுகும், எனக்கு இதப் படிச்சப்போ ரெண்டு நாளு வேற நெனப்பே இல்ல. ஒட்டுனதுல சிலது செல்லுக்குள்ளயே போயி கூட்டமா பெருகி ஒளிஞ்சிருக்கும், அங்க மருந்து சரியா எட்டாது, திரும்ப வர்றதுக்கு அது ஒரு காரணம். அதனால பாதியில மாத்திரைய நிறுத்தாதீங்க, கல்ச்சர் எடுத்துப் பாத்து டாக்டர் சொல்லுற மருந்த தின்னுங்க. வேலைக்காக அடக்கி வைக்காதீங்க, வெள்ளம் நல்லா குடிங்க. கொறச்சலா வெள்ளம் குடிக்கிற 140 பொம்பளைங்கள வச்சு ஒரு ஆய்வு 2018ல வந்துச்சு, அதுல பாதிப்பேரு தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிச்சாங்க, வருஷத்துக்கு அவங்களுக்கு வந்தது சராசரி 1.7 தடவை, குடிக்காதவங்களுக்கு 3.2 தடவை.

அதே அக்கா: அப்போ மேனோஸ் பவுடர் வாங்கிக் குடிச்சா கிருமி அதுல ஒட்டிக்கிட்டுப் போயிராதா?

நல்ல கேள்வி, கணக்குப்படி அப்படித்தான் நடக்கணும். ஆனா பிரிட்டன்ல 598 பேருக்கு ஆறு மாசம் குடுத்துப் பாத்தாங்க, 2024ல முடிவு வந்துச்சு, சொல்லும்படியா பலன் இல்ல. காச வீணாக்காதீங்க.

நாகர்கோவில், காலேஜ்ல படிக்கிற தம்பி: செல்லுக்குள்ள நுழையுதுன்னா ஓட்டை போட்டுப் போகுதா சார்?

இல்ல மக்களே, நம்ம செல்லையே கதவு தொறக்க வைக்கும், அதுதான் இதுல பெரிய விஷயம். சாப்பாட்டு வழியா வர்ற லிஸ்டீரியான்னு ஒரு கிருமி இருக்குல்ல, அதோட இன்டர்னலின்ங்குற புரோட்டீன் நம்ம செல்லு மேல இருக்குற ஈ-காட்ஹெரின்ங்குற புரோட்டீன பிடிச்சுக்கும், செல்லு பைய பைய அத ஒட்டி மூடி சுருட்டி உள்ள எடுத்துரும். சால்மொனெல்லான்னு இன்னொரு குடல் கிருமி அப்படி இல்ல, அதுக்கிட்ட ஊசி மாதிரி ஒரு அமைப்பு, அது வழியா தன்னோட புரோட்டீன செல்லுக்குள்ள ஏத்திவிடும், உடனே செல்லுக்குள்ள அதுக்கு வடிவம் குடுக்குற ஆக்டின் நாரு கலைஞ்சு திரும்பக் கூடி செல்லோட தோலு முட்டம் கடல்ல அலை எழும்புற மாதிரி எழும்பி கிருமிய அப்படியே விழுங்கிரும். இதுக்கும் மேல ஒண்ணு உண்டு, பிள்ளைங்களுக்கு வயித்தால போக வைக்கிற ஒரு வகை ஈ.கோலை. மத்த கிருமி நம்ம செல்லுல இருக்குற கொக்கியத் தேடிப் பிடிக்கும், இது கொக்கியையும் தானே கொண்டு வரும், டிர்னு பேரு. அத ஊசி வழியா நம்ம செல்லுக்குள்ள ஏத்தும், அது செல்லோட மேல்தோலுல வந்து நிக்கும், பொறவு இன்டிமின்னு இன்னொரு புரோட்டீனால அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்துரும். 1997லதான் இத கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் அந்தக் கொக்கி நம்ம செல்லோடதுன்னே நெனச்சிருந்தாங்க.

குளச்சல்ல இருந்து: காலரா கிருமி செல்லுக்குள்ளயே போகாதுன்னு சொல்லுறாங்க, பொறவு எப்படி ஆளக் கொல்லுது?

உண்மைதான், அது சிறுகுடல் செவுருல ஒட்டி நின்னு விஷத்த மட்டும் உள்ள விடும். அந்த விஷத்த 1959ல காட்டுனது கல்கத்தாவுல வேலை பாத்த சம்புநாத் டே, நம்ம நாட்டு ஆளு. அது செல்லுக்குள்ள போனா உப்பும் வெள்ளமும் குடலுக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கும், உடம்பு வத்திப் போறதுதான் ஆபத்து. ஆனா சர்க்கரையும் உப்பும் சேந்து உள்ள போற வழி அப்பவும் கெடாம இருக்கும், அதனாலதான் ஓ.ஆர்.எஸ் வேலை செய்யுது. பாக்கெட்டுல போட்டிருக்குற அளவு வெள்ளத்துல முழுசா கலக்குங்க, பாதிய இன்னைக்கு பாதிய நாளைக்குன்னு வேண்டாம்.

தக்கலை: டைபாய்டு சரியான ஆளு சமைக்கலாமா?

சில பேருக்கு பித்தப்பையில கிருமி தங்கிரும், காய்ச்சலே இல்லாம மலத்துல போய்க்கிட்டே இருக்கும். கடையில, ஹாஸ்டல்ல சமைக்கிற ஆளுன்னா டாக்டர்கிட்ட கேட்டு மலம் டெஸ்ட் பண்ணிட்டு வேலைக்குப் போகட்டும்.

குலசேகரம், ரப்பர் மரத்துல பால்வெட்டுற அண்ணன்: எலிக்காய்ச்சல் எலி கடிச்சாதான வரும்?

இல்லண்ணே, எலி மூத்திரம் கலந்த வெள்ளத்துல, சேத்துல இருந்து வரும். லெப்டோஸ்பைரா ஸ்குரு மாதிரி சுருண்ட கிருமி, நல்லா நீந்தும், காலுல வெட்டோ சிராய்ப்போ இருந்தா அது வழியா ஏறிரும், கண்ணு வாயி வழியாவும் ஏறும். விடியக்காலம் தோட்டத்துக்குப் போறப்போ பூட்ஸ் போடுங்க, புண்ண மூடுங்க. காய்ச்சலோட கெண்டைக்கால்ல உயிர் போற வலி, கண்ணு செவந்து இருந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னுட்டுக் கெடக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி, நான் ரப்பர் தோட்டத்துல வேலை பாக்குறேன்னு மொதல்லயே சொல்லுங்க, அத சொன்னாதான் டாக்டருக்கு இந்த நெனப்பு வரும்.