தகட்டில் 1664 என்றால் அச்சும் 1664-ஆ?

பாரிஸில் சென் நதிக்கரைப் பழைய புத்தகக் கடையில் ஒரு உருவப்பட அச்சு வாங்கிய வாசகர் கேட்கிறார்: "கீழே ரொபேர் நாந்தெய் பெயரும் 1664-ம் இருக்கின்றன. அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

பெருமளவு முடியும். நாந்தெய் 17ஆம் நூற்றாண்டில் செப்புத்தகட்டில் உருவப்படம் செதுக்கிய பிரெஞ்சுக் கலைஞர். ஆனால் அந்த 1664-ஐ மட்டும் நம்பிவிடாதீர்கள். அது செப்புத்தகட்டைச் செதுக்கிய ஆண்டு. தகடு பிழைத்திருக்கும்வரை எந்த நூற்றாண்டிலும் அச்செடுக்கலாம்; லூவ்ர் அருங்காட்சியகத்தின் வசமுள்ள பழைய தகடுகளிலிருந்து இன்றும் எடுத்து விற்கிறார்கள்.

கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சீரான புள்ளி வரிசை தெரிந்தால் நவீன அச்சு, அதோடு முடிந்தது. கோடுகள் என்றால் அவற்றின் முனைகளைக் கவனியுங்கள். பியூரின் என்ற கூர் உளியை உள்ளங்கையால் தள்ளிச் செதுக்கும்போது கோடு மெலிதாகத் தொடங்கி, உளி ஆழமாக இறங்கும் இடத்தில் தடித்து, மறுபடி ஊசிபோல் முடியும். உளிக்குப் பதில் அமிலத்தால் அரித்து உண்டாக்கிய கோட்டின் முனையோ மொண்ணையாக நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தடித்த கோடுகளில் மை லேசாகப் புடைத்திருப்பதும் தெரியும்.

அப்புறம் முகத்துக்கு வாருங்கள், நாந்தெயின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. ஆளை எதிரே உட்காரவைத்து வரைந்துகொண்டு (கீழே 'ஆட் விவும்' என்றிருந்தால் அதைத்தான் குறிக்கிறது), கன்னத்தையும் நெற்றியையும் குட்டிக் கீறல்களாலும் புள்ளிகளாலுமே தகட்டில் கொண்டுவந்துவிடுவார். உடையும் சட்ட அலங்காரமும் பல படங்களில் உதவியாளர்கள் கைவேலை, அதனால் தரத்தை அங்கே தேடாதீர்கள். செம்பு மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு பிரதிக்கும் மை பூசி, துடைத்து, உருளைக்கடியில் அழுத்த அழுத்த மெல்லிய கீறல்கள்தான் முதலில் தேயும். அங்கி கறுப்பாக இருந்து கன்னம் மட்டும் வெளிறித் தட்டையாகத் தெரிந்தால் அது களைத்துப்போன தகட்டின் பிரதி. பெயர் எவ்வளவு பெரியதானாலும் அதற்கு நான் அதிக விலை கொடுக்க மாட்டேன்.

காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான கம்பிக் கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்டுச் சில கோடுகளும் தெரிய வேண்டும். அவையே இல்லாத காகிதம் ஐரோப்பாவில் 1750-களில்தான் வந்தது, ஆகவே 1664-க்குப் பொருந்தாது. கோடு இருப்பதாலேயே பழசு என்றும் சொல்ல முடியாது, பிற்காலத்திலும் அப்படிக் காகிதம் செய்தார்கள்.

தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பழைய சேகரிப்பாளர்கள் ஓரத்தை நறுக்குவது சகஜம். தடம் இருப்பதும் சாட்சியல்ல. போட்டோகிராவ்யூர் என்ற, புகைப்படம் வழியே தகடு செய்து எடுத்த 19ஆம் நூற்றாண்டு நகல்களிலும் அது இருக்கும். அடுத்து, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் அதே படத்தைத் தேடி, கன்னத்துக் கீறல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அதுவரை, திரும்பச் சட்டத்தில் பொருத்துவதற்காக அச்சில் ஒட்டுநாடா எதுவும் ஒட்டிவிடாதீர்கள்.