சைக்கிள்காரர்கள் எல்லாருமே மருந்துதானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்துமா இன்ஹேலர் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதப் போக, ஊக்கமருந்தைப் பற்றியே கேள்விகள் குவிந்துவிட்டன. அதிலும் முக்கால்வாசி சைக்கிளோட்டம் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

மரினா பேயில் நடந்த டூர் டி பிரான்ஸ் சிங்கப்பூர் பந்தயத்துக்கு மகனை அழைத்துப் போனேன். அலுவலகத்தில் சொன்னால், "அவர்கள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள்" என்று சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
*தெம்பனிஸ் வாசகர்*

சிரிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது பழைய கணக்கு.

2024 நவம்பரில் அந்தப் பந்தயத்தை வென்றுதான் மார்க் கேவண்டிஷ் ஓய்வுபெற்றார். அவர் தொழில்முறை வீரரானது 2007ல், ஜெர்மனியின் டி-மொபைல் அணியில். அந்த மே மாதம், அதே அணி டெலிகோம் என்ற பெயரில் இருந்த காலத்து வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, தொண்ணூறுகளில் இபிஓ என்ற, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கித் தசைக்கு ஆக்சிஜனைக் கூட்டும் ஹார்மோனை எடுத்ததை ஒப்புக்கொண்டார்கள். 1996ல் டூர் வென்ற பியார்னே ரீஸும் அவர்களில் ஒருவர். ஜூலையில் அணியின் பாட்ரிக் சின்கெவிட்ஸ் சோதனையில் சிக்கினார். உடனே ஜெர்மனியின் இரண்டு பொதுத் தொலைக்காட்சிகளும் டூர் ஒளிபரப்பைப் பாதியிலேயே நிறுத்தின. நவம்பரில் டி-மொபைல் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. அவற்றில் ஒன்றான ஏஆர்டி தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்புக்குத் திரும்ப 2015 ஆகிவிட்டது. தொண்ணூறுகளில் மருந்து எடுத்தவர்கள் பதக்கமும் சம்பளமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பணம் தரும் ஆதரவாளர் இல்லாமல் நின்றது, புதிதாகச் சேர்ந்த 22 வயது கேவண்டிஷ்.

இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலையில் கேவண்டிஷ் தமது 35வது டூர் கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்று சாதனை படைத்தபோது அணிந்திருந்தது அஸ்தானா சீருடை. அந்த அணியை நடத்துபவர் அலெக்சாண்டர் வினோகுரோவ். 2007 டூரில் வேறொருவரின் ரத்தத்தை ஏற்றிக்கொண்டதாகப் பிடிபட்டவர் அவர். தடைக்காலம் முடிந்து திரும்பி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். அன்று ஓட்டியவர்களில் பலர் இன்று அணி நடத்துகிறார்கள், ஓட்டுபவர்கள்தான் புதியவர்கள். அலுவலக நண்பர்களிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியை மறைத்தால் அவர்கள் நம்பமாட்டார்கள்.

கால்பந்து, டென்னிஸ், ஓட்டப்பந்தயம் எல்லாவற்றிலும் ஊக்கமருந்து இருக்கிறது. சைக்கிளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?
*பிடோக் வாசகர்*

சைக்கிளில் சோதனை அதிகம், அதனால் பிடிபடுவதும் அதிகம் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. பெரிய விவகாரங்களை எடுத்துப் பாருங்கள், அவற்றைப் பெரும்பாலும் பிடித்தது சைக்கிள் உலகம் அல்ல, வெளியாட்கள்.

1998 ஜூலை 8. டப்ளினில் டூர் தொடங்க மூன்று நாள்தான் இருக்கிறது. பெல்ஜிய எல்லையருகே பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் ஃபெஸ்டினா அணியின் காரை நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவர் வில்லி வூட், வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுபவர். காருக்குள் இபிஓ, வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், ஆம்பெட்டமின் என்று ஒரு மருந்துக்கடையே இருந்தது. அணி வெளியேற்றப்பட்டது. போலீஸ் மற்ற அணிகளின் ஹோட்டல் அறைகளுக்குள்ளும் நுழைந்தது. வீரர்கள் கோபத்தில் சாலையிலேயே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். புறப்பட்டவர்கள் 189 பேர், பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 96 பேர். இத்தனைக்கும் இபிஓவைக் கண்டுபிடிக்கும் சோதனையே அப்போது கிடையாது. காரை நிறுத்தாமல் விட்டிருந்தால் அது இன்னொரு சாதாரண டூராகப் போயிருக்கும். மறு ஆண்டே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவை உருவானதற்கு இந்த அதிர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

2006ல் ஸ்பானியப் போலீஸ். டாக்டர் எஃபெமியானோ ஃபுவென்டெஸ் தொடர்பான சோதனையில், புனைபெயர் எழுதிய ரத்தப் பைகள் கிடைத்தன. முன்னணி வீரர்களான யான் உல்ரிச், இவான் பாஸோ ஆகியோர் டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்ற விளையாட்டு வீரர்களும் தம்மிடம் வந்ததாக அந்த டாக்டரே சொன்னார். ஆனால் 2013ல் நீதிபதி பைகளை அழிக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் 2016ல் பைகளை ஒப்படைக்கத் தீர்ப்பு வந்தபோது நடவடிக்கை எடுப்பதற்கான காலக்கெடு கடந்துவிட்டது. வெளியே வந்தவை பெரும்பாலும் சைக்கிள்காரர்களின் பெயர்களே. உங்கள் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

2019லும் அப்படித்தான். ஆஸ்திரியாவில் உலகப் பனிச்சறுக்குப் போட்டியின்போது போலீஸ் நடத்திய சோதனை, ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டது. சைக்கிளோட்டிகளும் அதில் சிக்கினார்கள். டாக்டருக்கு 2021ல் 4 ஆண்டு 10 மாதச் சிறை.

மருந்து எடுத்தது மட்டும் தெரிந்திருந்தால் ரசிகர்கள் மறந்திருப்பார்கள். தன் வீட்டில் நடப்பதை வீட்டுக்காரர் பார்க்கவே விரும்பவில்லை என்பது தெரிந்ததும்தான் பெயர் நாறியது.

ஏழு முறை டூர் வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் நூற்றுக்கணக்கான சோதனைகளில் தேறியதாகச் சொன்னாரே, எப்படி?
*ஈசூன் வாசகி*

அன்று தேறுவது அவ்வளவு கடினமில்லை. இபிஓ, சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன். கூடிய சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும், மருந்தின் தடயம் சிறுநீரில் தெரியும் நேரமோ குறைவு. சிறு அளவாக இரவில் நரம்பில் ஏற்றினால் காலையில் வரும் அதிகாரிக்கு ஒன்றும் கிடைக்காது. தன் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துக் குளிரில் வைத்து, பந்தயத்தின் நடுவே திரும்ப ஏற்றிக்கொண்டால், அதைக் காட்டும் நேரடிச் சோதனையே இல்லை. 1997ல் அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. பலர் அதை 50 வரை போகலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வேதியியல். இன்னொரு பக்கம் இருக்கிறது. 1999 டூரில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டீராய்டு தெரிந்தது. பழைய தேதி போட்டு எழுதிய மருந்துச்சீட்டு ஒன்றைக் காட்ட, விஷயம் முடிந்தது. 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் அவர் அதே சங்கத்துக்கு மொத்தம் 125,000 அமெரிக்க டாலர் நன்கொடை அளித்தார். சோதிக்கப்படுபவரிடம் சோதிப்பவர் பணம் வாங்குவதைப் பார்த்து யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. சங்கம் அவருக்குச் சலுகை காட்டியதை 2015ல் சுயேச்சை விசாரணைக் குழு ஒன்றே எழுதியது.

கடைசியில் அவரை வீழ்த்தியது சாட்சிகள். 2012ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் 26 பேரின் வாக்குமூலம் இருந்தது, அவர்களில் 15 பேர் சைக்கிளோட்டிகள். 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார்.

2008 முதல் 'உயிரியல் பாஸ்போர்ட்' இருக்கிறது. அது மருந்தைத் தேடுவதில்லை. ஒரு வீரரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து, இயல்புக்கு மாறான ஏற்ற இறக்கத்தைத் தேடுகிறது. மிகச் சிறிய அளவில் எடுப்பவர்கள் இதிலும் தப்பலாம். ஆனால் தொண்ணூறுகளின் அளவில் இனி யாரும் விளையாட முடியாது.

ஆர்ம்ஸ்ட்ராங்கிடமிருந்து பறித்த ஏழு பட்டங்களும் இரண்டாவதாக வந்தவர்களுக்கு ஏன் போகவில்லை?
*ஜூரோங் வாசகர்*

இரண்டாவதாக வந்தவர் யார் என்று பாருங்கள், புரிந்துவிடும். அவற்றில் மூன்று முறை உல்ரிச். 1999 முதல் 2005 வரை பட்டியலில் வெற்றியாளர் இடம் காலியாகவே இருக்கிறது. 2006 பட்டம் ஃபிளாய்ட் லேண்டிஸிடமிருந்து ஆஸ்கர் பெரெய்ரோவுக்கும், 2010 பட்டம் கொன்டடோரிடமிருந்து ஆன்டி ஷ்லெக்குக்கும் போனது. ஷ்லெக்குக்கு அது கிடைத்தது 2012ல். மேடையில் நின்று மஞ்சள் சட்டை போட்டுக்கொள்ளும் அந்த நிமிடத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

சந்தைப்படுத்தல் துறையில் இருக்கிறேன். இவ்வளவு நடந்தும் நிறுவனங்கள் ஏன் இன்னும் சைக்கிள் அணிகளுக்குப் பணம் போடுகின்றன?
*பொங்கோல் வாசகர்*

ஏனென்றால் அணியின் பெயரே அவர்கள் பெயர். மூன்று வாரம் தினமும் பல மணி நேரம் அந்தப் பெயர் திரையில் ஓடும். வேறெந்த விளையாட்டிலும் இந்த விலைக்கு அது கிடைக்காது.

இதே காரணத்தால்தான் அடியும் பலமாக விழுகிறது. கால்பந்துக் குழுவுக்கு மைதான டிக்கெட் உண்டு, ஒளிபரப்புப் பணம் உண்டு. சைக்கிள் அணிக்கு மைதானமே கிடையாது, சாலையோரம் நின்று பார்ப்பது இலவசம், ஒளிபரப்புப் பணம் பந்தயத்தை நடத்துபவர்களுக்கு. ஆதரவாளர் போனால் மெக்கானிக் முதல் சமையல்காரர் வரை எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆர்ம்ஸ்ட்ராங் அறிக்கை வந்த சில நாட்களிலேயே, 17 ஆண்டுகள் அணி நடத்திய டச்சு வங்கி ராபோபேங்க் விலகியது. அடுத்த ஆண்டு அந்த அணி ஆதரவாளர் பெயரே இல்லாமல் 'பிளாங்கோ' என்று ஓடியது, அப்புறம் பெல்கின், அப்புறம் ஜம்போ, இப்போது விஸ்மா. 2022ல் நம்மூரின் முதல் பந்தயத்தை வென்ற யோனாஸ் விங்ககோர் இந்த அணியின் வீரர்தான். வங்கி அன்று பொறுத்திருந்தால் இரண்டு டூர் பட்டங்கள் அதன் பெயரில் வந்திருக்கும். ஆனால் 2012ல் அதை யார் நினைத்திருப்பார்கள்?

இன்றைய முன்னணி வீரர் பொகாச்சார் பழைய மருந்துக்காரர்களைவிட வேகமாக மலை ஏறுகிறார். அப்படியென்றால்?
*செங்காங், பெயர் வேண்டாம் என்ற வாசகர்*

பெயரை மறைக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை, நியாயமான கேள்வி. 2024ல் பிளாட்டோ டி பெய் மலையில் அவர் எடுத்த நேரம், 1998ல் மார்கோ பன்டானி எடுத்ததைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவு. பன்டானி எந்தக் காலத்து வீரர் என்பது தெரியும்.

ஆனால் நேரத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்று அடிவாரத்திலிருந்தே விங்ககோரின் அணி வேகத்தைக் கூட்டியது. சைக்கிளும் டயரும் மாறிவிட்டன. மணிக்கு 120 கிராம் மாவுச்சத்து உண்ண இன்றைய வீரர்கள் குடலையே பழக்குகிறார்கள், பன்டானி காலத்தில் அதெல்லாம் இல்லை. பொகாச்சார் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அவர் அணியின் தலைவர் மவ்ரோ ஜியானெட்டி, 2008ல் ரிக்கார்டோ ரிக்கோ பிடிபட்டு டூரிலிருந்தே விலகிய சவுனியர் டுவால் அணியை நடத்தியவர் என்பதும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் பார்க்கிறேன்.

ஒரு மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. உயரமான இடப் பயிற்சியின் பலனை அளக்கச் சில அணிகள் கார்பன் மோனாக்சைடு வாயுவைப் பயன்படுத்துவதாக 2024 டூரின்போது செய்தி வந்தது. அளப்பதற்கு ஓரிரு முறை சுவாசித்தால் அது ஆய்வு, திரும்பத் திரும்பச் சுவாசித்தால் சிவப்பணுவைக் கூட்டும் வழி. 2025 பிப்ரவரியில் அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் அப்படித் திரும்பத் திரும்பச் சுவாசிப்பதைத் தடை செய்தது. போலீஸ் வரும்வரை காத்திருக்கவில்லை.

பந்தயத்துக்கு முன் காப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ குடித்தால் தப்பா?
*தோ பாயோ வாசகர்*

தப்பில்லை. 2004லேயே கஃபைனைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டாகக்கூடக் குடியுங்கள்.

என் மகன் போட்டிகளில் சைக்கிள் ஓட்டுகிறான், ஆஸ்துமா உண்டு. இன்ஹேலரால் பிரச்சினை வருமா? சளிக்கு மருந்து, நாட்டு மருந்து கொடுக்கலாமா?
*உட்லண்ட்ஸ், ஒரு தாய்*

நீல நிற இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமோலுக்கு அனுமதி உண்டு, அளவோடு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் கூடாது. பொதுவாக ஒரு முறை அழுத்தினால் 100. டூர் வென்ற கிறிஸ் ஃப்ரூம் 2017ல் மாதக்கணக்கில் இழுபட்டது இதே மருந்தின் அளவுக்காகத்தான், மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். டெர்பியூட்டலின் உள்ள இன்ஹேலருக்கு முன்அனுமதி வேண்டும். ஆஸ்துமா முற்றும்போது கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை, பந்தயக் காலத்தில் தடை. இதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மூச்சு முட்டினால் மருத்துவர் சொன்னபடி கொடுங்கள், மருத்துவக் காரணத்துக்கான விலக்கைப் பின்னரும் கேட்கலாம்.

மூக்கடைப்பு மருந்துகளில் வரும் சூடோஎஃபெட்ரினைப் பந்தய நாளை ஒட்டித் தவிருங்கள். சீன மருந்துக்கடையில் கிடைக்கும் தாமரை விதை முளைத் தேநீரில் ஹைஜெனமின் என்ற பொருள் உண்டு, அது எந்நேரமும் தடை. யாரும் சந்தேகப்படாத பொருள் என்பதால் சொல்கிறேன். புரதப் பொடி, சத்து மாத்திரை எதுவும் இங்கே விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. கடையில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். 'மூட்டு வலி உடனே போகும்' என்று ஜோகூர் பாருவிலோ இணையத்திலோ வாங்கும் மூலிகைப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. சிங்கப்பூர் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

சைக்கிளுக்குள் மோட்டார் வைக்கிறார்களாமே?
*அங் மோ கியோ வாசகர்*

உறுதியாகப் பிடிபட்ட பெரிய வழக்கு ஒன்று: 2016 ஜனவரியில் பெல்ஜியத்தில், சேற்றிலும் புல்வெளியிலும் ஓட்டும் உலக சைக்ளோகிராஸ் போட்டியில் ஃபெம்கே வான் டென் டிரீஷ். ஆறு ஆண்டுத் தடை. மற்றவை பெரும்பாலும் யூடியூப் புரளி.

வயது 52. ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சிலர் 'வயசுக்கு நல்லது' என்று டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்காவிட்டால் பரவாயில்லைதானே?
*சிராங்கூன் வாசகர்*

போட்டிக்குப் போகாவிட்டால் அது விதிப் பிரச்சினை இல்லை, மருத்துவப் பிரச்சினை. இங்கே அது மருத்துவர் சீட்டுடன் மட்டுமே கிடைக்க வேண்டிய மருந்து. உடற்பயிற்சிக் கூட நண்பரிடம் வாங்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுவைக் கூட்டி ரத்தத்தைத் தடிக்கச் செய்யும். நம் வெயிலில் நான்கு மணி நேரம் வியர்வை சிந்தித் தீவைச் சுற்றும் 52 வயது இதயத்துக்கு அது தேவையே இல்லை. போட்டிக்குப் போவதாக இருந்தால், மூத்தோர் பிரிவானாலும் தடை தடைதான், வயதானதால் அளவு குறைந்தது என்ற காரணத்துக்கு விலக்குக் கிடைக்காது. உண்மையிலேயே குறைபாடு இருக்குமோ என்று நினைத்தால் பலதுறை மருந்தகத்தில் காலையில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மாலையில் எடுத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும்.