கேரவனில் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கேரவன், ஆர்.வி., மோட்டார்ஹோம், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களின் கேள்விகள் இந்த முறை. வந்த கடிதங்களில் பாதி திருடனைப் பற்றித்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: முதல் முறையாக வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்துக் குழந்தைகளோடு போகிறோம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ராத்திரி யாராவது வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது?

பதில்: திறக்காதீர்கள். மூடிய ஜன்னல் வழியாகப் பேசுங்கள், உள்ளே எத்தனை பேர் என்று காட்டிக்கொள்ளாதீர்கள், மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுங்கள். கூடாரம் போட்டுத் தங்குகிறவருக்கு இல்லாத வசதி இது. ஆனால் அதற்கு வண்டியை வெளியே போகும் பக்கம் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும், டிரைவர் சீட்டில் துணிமூட்டை இருக்கக் கூடாது, சாவியை இருட்டில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லர் என்றால் கீழே இறங்காமல் ஸ்டியரிங்குக்குப் போக முடியாது, அதனால் கார் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அலாரம் பட்டன் இருந்தால் அமுக்குங்கள், ஹாரன் அலறும்.

இன்னொன்று. வண்டியின் வெளிப்பக்கம் சாமான் வைக்கும் பெட்டிகளின் பூட்டை ரொம்ப நம்பாதீர்கள். சி.எச். 751 என்ற எண் பொறித்த ஒரே சாவி ஏராளமான ஆர்.வி.களின் பெட்டிகளைத் திறக்கும். உங்கள் சாவியிலும் அந்த எண்தான் என்றால் லேப்டாப்பை அங்கே வைக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும், கதவைத் தட்டுகிறவனைவிட தட்டாமல் உள்ளே வரும் ஒன்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: குளிருக்கு ராத்திரி முழுக்க ஜெனரேட்டரை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஒன்றும் ஆகாது என்கிறார் கணவர்.

பதில்: ஆகும். அவரிடம் இதைக் காட்டுங்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனோடு ஒட்டுவதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் காற்றில் கொஞ்சம் கலந்தாலே போதும், மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கும். தூங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஜன்னலைத் திறந்து வைப்பது சில சமயம் இன்னும் மோசம், புகை வரும் பக்கம் காற்று திரும்பிவிட்டால் திறந்த ஜன்னல்தான் அதற்கு வாசல். உங்கள் ஜெனரேட்டர்கூட வேண்டாம், ஒட்டி நிற்கும் பக்கத்து வண்டிக்காரருடையதே போதும்.

விழித்திருக்கும்போது என்றால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். ஃப்ளூ மாதிரி இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வண்டிக்குள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரையைத் தேடாதீர்கள். எல்லோரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது, கரி அடுப்பை உள்ளே தூக்கிவருவது எல்லாம் இதே ஆபத்துதான்.

படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். பட்டனை அமுக்கினால் சத்தம் வருகிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது பேட்டரியும் சத்தமும் வேலை செய்கிறதா என்றுதான் சொல்லும், உள்ளே சென்சார் செத்திருந்தால் காட்டாது. பின்பக்கம் திருப்பி தேதியைப் பாருங்கள், பொதுவாக 5 முதல் 10 வருடம்தான் ஆயுள். வாடகை வண்டியை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், மெத்தையை எல்லாம் அப்புறம். கேஸ் கசிவுக்கான அலாரம் வேறு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், அதனால் அந்த அலாரமும் தரையோரமாகத்தான் இருக்கும். அதன் முன்னால் செருப்பைக் குவித்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுகிறது. வண்டி போகும்போது சிலிண்டரை மூடினால் உள்ளே இருப்பது கெட்டுவிடாதா?

பதில்: நன்றாகக் குளிர்ந்த ஃப்ரிட்ஜ், திறந்து திறந்து பார்க்காவிட்டால், சில மணி நேரம் தாங்கும். மூடிவிட்டே ஓட்டுங்கள். விபத்தில் குழாய் அறுந்தால் திறந்த சிலிண்டர்தான் தீக்குத் தீனி. பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் வண்டிக்குள் எந்தச் சுடரும் எரியக் கூடாது.

கேள்வி: பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர் வேகம் எடுத்தால் வால் மாதிரி ஆடுகிறது. பிரேக் போட்டால் இன்னும் ஆடுகிறது. என்ன கோளாறு?

பதில்: ஆடும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் அவரை ஓட்டவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கன்ட்ரோல் இருந்தால் அதை மட்டும் மெல்லக் கொடுக்கலாம்.

கோளாறு பெரும்பாலும் பாரத்தை ஏற்றிய விதத்தில் இருக்கும். ட்ரெய்லர் எடையில் ஒரு பங்கு முன்பக்கக் கொக்கியில் விழ வேண்டும். அமெரிக்க வண்டிகளுக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது கணக்கு, ஐரோப்பிய கேரவன்களுக்கு அதைவிடக் குறைவு, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். பின்னால் நாலு சைக்கிளை மாட்டி, கனமான பெட்டிகளையும் பின்கட்டிலேயே அடைத்தால் முன்பக்கம் எடை இல்லாமல் போய்விடும். கனமானவை கீழே, அச்சுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கட்டும். தண்ணீரை மறந்துவிடாதீர்கள், 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். நம்மிடம் சாமானே இல்லை என்று நினைத்தவர்கள்தான் அங்கே வாயைப் பிளப்பார்கள்.

கேள்வி: டயரில் பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது. 9 வருடம் ஆனால் மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கும் வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் கடைசியாக நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்தது. ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள்.

கேள்வி: கேம்ப்பில் கரண்ட் இணைப்புக் கொடுத்தபின் ஈரத்தரையில் நின்று கதவைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று விடக் கூடாது. வண்டியின் உடம்பிலேயே கரண்ட் இருக்கிறது, எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இன்று லேசாக, நாளை மழையில் அப்படி இருக்காது. வண்டியைத் தொடாமல் போய், இணைப்புக் கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை குழந்தைகளைப் படியில் கால் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: ஓடும்போது பிள்ளைகள் பின்கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா?

பதில்: கூடாது. பெல்ட் உள்ள, முன்பக்கம் பார்த்த சீட்டில்தான் உட்கார வேண்டும். பக்கவாட்டு சோபாவும் வேண்டாம். தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்துங்கள், எல்லோருமே ஒரு மணி நேரம் படுக்கலாம், கட்டில்தான் கூடவே வருகிறதே.